கைப்பொருளும் கைவண்ணமும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவையொட்டி நடைபெற்ற கைவினைக் கண்காட்சியைப் பலரும் கண்டு களித்திருப்பீர்கள். நானும் கண்டேன். வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசைகளின்மேல் வண்ணம் தீட்டிய கண்ணாடிப் புட்டிகள், முத்துப் பதித்த கொட்டாங்கச்சிகள், மினுமினுப்புத் தூள் தூவிய மண்குடுவைகள், ஐஸ்குச்சியால் கட்டிய வீடுகள் என்று வரிசை வரிசையாக வைத்திருந்தார்கள். முதற்பரிசு பெற்றது, தோகை விரித்த மயிலொன்று தீட்டப்பட்ட புட்டி. தீட்டிய கை தேர்ந்த கை என்பதில் ஐயமில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

விழா முடிந்த மூன்றாம் நாள், அரங்கத்து நாற்காலிகளை எடுத்து அடுக்கும் பணி எங்கள் வகுப்பாருக்கு வந்தது. மேடைக்குப் பின்புறம் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. திறந்து பார்த்தால், கண்காட்சியில் வைத்த பொருள்களில் பாதிக்குமேல் அதில்தான் இருந்தன. செய்தவர்கள் எடுத்துச் செல்லவில்லை. அவர்களுள் ஒருவனான என் நண்பனைக் கேட்டேன். "எடுத்துப் போய் என்னடா செய்வது? எண்ணெய் ஊற்றவும் ஆகாது, தண்ணீர் ஊற்றவும் ஆகாது. எங்கள் வீட்டில் வைக்க இடமும் இல்லை" என்றான். அவன் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. அவன் வீட்டை நான் அறிவேன். ஐந்து பேர் படுத்தால் நடக்க வழி இராது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த அட்டைப் பெட்டிதான்.

வீட்டுப் பொருள்களுக்கு வண்ணம் தீட்டுவது எளிய கலை. ஓவியம் கற்காதவரும் ஒரு பிற்பகலில் பழகலாம். ஆணும் பெண்ணும் பழக வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் அதைச் செய்ய வேண்டிய இடம் கண்காட்சி மேசை அன்று. நாள்தோறும் நம் கை படுகிற பொருள்களின்மீதே செய்ய வேண்டும். பயன்படும் பொருளை அழகு செய்தால் அந்த அழகுக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அழகு காட்டுவதற்கென்றே ஒரு பொருளைச் செய்தால், மூன்றாம் நாள் அதற்கு அட்டைப் பெட்டிதான் கிடைக்கிறது. இதுவே நான் கூற வந்த கருத்து.

நம்மவர் எங்கே வரைந்தார்கள்?

நம் பாட்டிமார் யாரும் காட்சிப் பொருள் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர்கள் கோடு இழுக்காத பொருளும் இல்லை. நாலு பேர் மிதித்து நடக்கும் வாசலில் கோலம் இட்டார்கள். திண்ணைக்கும் அடுப்புக்கும் காவிப்பட்டை தீட்டினார்கள். பொங்கல் பானையின் கழுத்தில் சுண்ணாம்பால் கோடும் புள்ளியும் வைத்தார்கள். மாட்டுப் பொங்கலன்று உழுகிற மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசினார்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டி, அந்தக் கூழைப் பானையின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தார்கள். கிழிந்த முறத்துக்கும் அதே கூழைப் பூசி, காய்ந்தபின் ஓரத்தில் ஒரு வரிக் காவி இட்டார்கள். முறம் மறுநாளே புடைக்கப் போய்விடும். அழகு வேறு, வேலை வேறு என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

வரலாற்று மாணவன் என்பதால் இன்னும் சற்றுப் பின்னே செல்ல ஆசைப்படுகிறேன். சிவகங்கை மாவட்டம் கீழடியில் கிடைத்த பானையோடுகளைப் பற்றி நம் வகுப்பறைகளில் அடிக்கடி பேசுகிறோம். அவ்வோடுகளில் குறியீடுகள் கீறப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் குவிரன், ஆதன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. அறிஞர்கள் அவற்றில் எழுத்தின் தொன்மையைக் காண்கிறார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. சோறோ நீரோ நெல்லோ வைத்த பானையில் தன் பெயரை ஒருவன் கீறியிருக்கிறான். இது என்னுடையது என்று சொல்லியிருக்கிறான். இன்றும் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கினால், "பெயர் வெட்டணுமா?" என்று கேட்கிறார்கள் அல்லவா? அம்மா தன் பெயரையோ, சீர் கொடுத்தவர் பெயரையோ சொல்ல, கடைக்காரர் சிறு கருவியால் எழுத்தைப் பொறித்துத் தருகிறார். அந்தப் பழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

பிற மாநிலத்தாரும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டு மண்சுவர்களில் வரைந்து வந்தார்கள். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்தபோது, சேதத்தைப் பார்வையிடச் சென்ற ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி உட்சுவர் ஓவியங்களைக் கண்டு வியந்து, பின்னர் அவற்றைப் பற்றி எழுதினார். 1966-67-இல் அங்கே கடும் வறட்சி வந்தபோது, அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அப்பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் சொல்லி, அதை விற்று வருவாய் கிடைக்க வழி செய்தது. சுவரில் வரைந்த கை தாளுக்கு வந்தது. அவர்களுள் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மகாராட்டிரத்து வார்லிப் பழங்குடியினர் அரிசிமாவைக் கரைத்து, வட்டம், முக்கோணம், சதுரம் என்ற மூன்று வடிவங்களைக் கொண்டே மனிதரையும் மாட்டையும் மரத்தையும் சுவரில் எழுப்புகிறார்கள். அக்கலையைத் தாளுக்குக் கொண்டுவந்த ஜிவ்யா சோமா மஷே 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை அனைத்தும் குடியிருக்கும் வீட்டில் பிறந்த கலைகள்.

நம் சென்னைக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். ஓவியம் மட்டும் விற்றுச் சோறு கிடைக்காது என்று அறிந்த அவர்கள், துணியில் பாத்திக் வேலை போன்ற கைவினைகளையும் செய்து விற்றே ஓவியத்துக்கு நேரம் சம்பாதித்தார்கள். பெரிய ஓவியர்களே கைவினையை இழிவாக எண்ணவில்லை. நாம் எண்ணலாமா?

எண்ணினேன். அதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

என் தகரப் பெட்டி

என் தந்தையார் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் பின்பக்கம், பள்ளிக்கூடச் சுவரில் பொன்மொழி என்று எங்கள் வட்டாரத்தில் அவர் எழுதாத இடம் குறைவு. நான் தொடக்கப் பள்ளியில் படித்த நாளில் பிளெக்ஸ் அச்சு எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. மூன்று நாள் எழுதும் பலகையை அது மூன்று மணி நேரத்தில் தந்தது. சில ஆண்டுகளில் அப்பாவின் தூரிகைகள் பரண்மேல் ஏறின. அவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் கூலி வேலைக்குப் போனார். இன்றும் அதற்குத்தான் போகிறார்.

நான் இக்கல்லூரியில் சேர்ந்து விடுதிக்கு வரும்போது ஒரு தகரப் பெட்டி வாங்கினோம். புறப்படுவதற்கு முந்தைய இரவு, நான் உறங்கிய பின்னர், அப்பா பரணிலிருந்து தூரிகைகளை இறக்கி அப்பெட்டியில் என் பெயரை எழுதியிருக்கிறார். நீல நிறத்தில் எழுத்து, மஞ்சளில் நிழல், வலது மூலையில் கொண்டை வைத்த ஒரு சிறு குருவி. காலையில் அம்மா மகிழ்ந்து காட்டினார். நானும் மகிழ்ந்தேன்.

விடுதிக்கு வந்த முதல் நாளே மேல்வகுப்பு மாணவர் ஒருவர், "என்னப்பா, லாரியின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாயா?" என்றார். அறையே சிரித்தது. யார் எழுதியது என்று இன்னொருவர் கேட்டார். "பெட்டி வாங்கிய கடையிலேயே எழுதிக் கொடுத்தார்கள்" என்று சொன்னேன். அன்று மாலை பெட்டியின்மேல் ஒரு துண்டை விரித்தேன். அத்துண்டு ஓராண்டுக்குமேல் அங்கேயே கிடந்தது.

இரண்டாம் ஆண்டில் விடுதியில் வாளிச் சண்டை வந்தது. நாங்கள் எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய நீல நிற பிளாஸ்டிக் வாளிகள். காலை ஆறு மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் யாருடைய வாளி யாரிடம் என்று தெரியாது. ஒருநாள் வாய்ச்சண்டை கைகலப்பாகி, காப்பாளர் வரை போனது. நான் ஊருக்குச் சென்றிருந்தபோது கொஞ்சம் எனாமல் வண்ணத்தைக் கொண்டுவந்து, என் வாளியில் வெள்ளைப் பூ ஒன்று வரைந்தேன். அறைத் தோழர்கள் மூவர் தங்கள் வாளியிலும் வரைந்து தரக் கேட்டார்கள். ஒருவனுக்கு மீன், ஒருவனுக்கு நட்சத்திரம், ஒருவனுக்கு மாட்டுத்தலை. பத்தே நாளில் பூவும் மீனும் தோல் உரிவதுபோல் உரிந்து விழுந்தன. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பிளாஸ்டிக்கில் எண்ணெய்ச் சாயம் நிற்காது தம்பி. அதற்குப் பிடிமானம் இல்லை. தகரத்தில் சின்ன வில்லை வெட்டி அதில் எழுதி, கைப்பிடியில் கம்பியால் கட்டிவிடு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். பழைய எண்ணெய் டப்பாவை வெட்டித் தட்டி, விளிம்பை மடக்கி, கை கிழிக்காத வில்லைகளாக ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். விடுதித் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார். முதலில் நால்வர், பிறகு பத்துப் பேர், மதியத்துக்குள் பதினெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். இடக்கையில் குச்சியைப் பிடித்து அதன்மேல் வலக்கையைத் தாங்கி, கோடு இழுக்கும்போது மூச்சை நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார். லாரி என்று சிரித்தவர் அப்போது இறுதியாண்டு. அவரும் வந்து உட்கார்ந்து, "ஐயா, என் பெயருக்கும் அந்த நிழல் வேண்டும்" என்று கேட்டார். இவ்வளவும் யார் என்று அடுத்த அறை மாணவன் வினவியபோது, "எங்கள் அப்பா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஓராண்டுக்குமேல் ஆகியிருந்தது.

புறப்படுமுன் அறைக்கு வந்தவர், பெட்டியின்மேல் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "கீழ்மூலையில் துரு ஏறுது. அடுத்த தடவை ஒரு கோட் கொடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். துண்டை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை மீண்டும் விரிக்கவில்லை.

எவரும் செய்யக்கூடியவை

தாழ்வாரத்தில் அன்று கற்றதையும், பிறகு நாங்களே செய்து கெடுத்துத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். படிப்பவர்களில் நாலு பேராவது செய்து பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் துணிப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 1-1-2019 முதல் தடை விதித்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பை எடுத்துச் செல்ல நமக்கு மறதி. நாம் வரைந்த பை என்றால் மறப்பதில்லை. இது என் பட்டறிவு. பருத்திப் பையை முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் கஞ்சியின்மேல் உட்கார்ந்து, அடுத்த துவைப்பில் அதோடு சேர்ந்து போய்விடும். பைக்குள் ஓர் அட்டையைச் செருகினால் வண்ணம் மறுபக்கம் ஊறாது. கடையில் பேப்ரிக் பெயிண்ட் என்று கேட்டால் சிறு புட்டிகளில் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்தும் போதும். மற்ற நிறங்களை நாமே கலந்துகொள்ளலாம்.

வரையத் தெரியாது என்பவர்களுக்குச் சமையலறையே அச்சுக்கூடம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் ஒற்றி எடுத்தால் ஐந்து இதழ்ப் பூ. வாழைத்தண்டை வெட்டினால் வளையத்துக்குள் வளையம். வாழைமட்டையின் வெட்டுமுகம், அறை அறையாகக் கட்டிய பிறைபோல் இருக்கும். உருளைக்கிழங்கை இரண்டாக்கி விரும்பிய வடிவத்தைச் செதுக்கிக்கொள்ளலாம். வெட்டிய பக்கத்தை முதலில் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும்; ஈரம் இருந்தால் வண்ணம் கசியும். ஒரே வடிவம் பல முறை வேண்டுமானால், வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே தாளில் அதை வெட்டி எடுத்து, அத்துளையின் வழியே பஞ்சால் ஒற்றலாம். வண்ணம் தண்ணீராக இருந்தால் தாளின் அடியில் ஓடிவிடும். கெட்டியாக எடுத்துச் சிறிது சிறிதாக ஒற்ற வேண்டும். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டபின் மூன்று நாள் கழித்துத் துவைக்கலாம்.

இரண்டாவது தகரமும் இரும்பும். பெட்டி, டப்பா, பழைய இரும்பு வாளி, சாவி மாட்டும் பலகை ஆகியவை. துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, செம்மண் நிறத்தில் இருக்கும் ரெட் ஆக்சைடை ஒரு பூச்சுப் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல்தான் எனாமல். அவசரப்பட்டு ஒரே பூச்சில் தடிப்பாகப் பூசினால் வழியும், சுருங்கும். மெல்லிய இரண்டு பூச்சு, இடையில் ஒரு நாள். எழுத்து நேராக வர, சுண்ணாம்புத்தூள் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். எழுதி முடித்துத் துடைத்துவிடலாம். பெயின்டர்கள் இதை நூல் அடிப்பது என்பார்கள். தூரிகையை டர்பன்டைனில் உடனே கழுவ வேண்டும். அப்பாவின் தூரிகைகள் சில என்னைவிட மூத்தவை.

மூன்றாவது மண்பானை. இங்கே ஒரு பெரிய தவற்றைப் பலர் செய்கிறார்கள். தண்ணீர்ப் பானை முழுவதும் எனாமல் பூசிவிட்டு, தண்ணீர் குளிரவில்லையே என்கிறார்கள். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும் நீர் பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. துளைகளை வண்ணம் அடைத்துவிட்டால் அது வெறும் குடந்தான். ஆகவே கழுத்தில் மட்டும் ஒரு பட்டை, தோளில் சில புள்ளிகள். அதுவும் சுண்ணாம்பும் காவியுமாக இருந்தால் நலம். பாட்டி கழுத்தோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் அவருக்குத் தெரிந்திருந்தது. பூந்தொட்டியின் வெளிப்புறத்தையும் இதேபோல் பட்டையாகத் தீட்டலாம்.

நான்காவது கண்ணாடி. புட்டியைத் திட்டிவிட்டுப் புட்டிக்கே வந்துவிட்டேன் என்று நகைக்காதீர்கள். மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு வைக்கும் ஜாடியாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். சோப்புநீரில் கழுவி, காய்ந்தபின் ஸ்பிரிட்டால் துடைத்தால் எண்ணெய்ப்பசை போகும். அப்போதுதான் வண்ணம் பிடிக்கும். வெளிப்புறத்தில் மட்டுமே தீட்ட வேண்டும். வாய் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை விட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருந்த காலம் ஒன்றுண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதி, 2017 நவம்பர் முதல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்கு அவ்விதி பொருந்தாது அல்லவா? எனவே உணவு படும் இடத்திலும், குழந்தை வாயில் வைக்கும் பொருளிலும் எந்த வண்ணமும் வேண்டாம். தட்டின் உட்புறத்தில் பூ வரைந்து பரிசு பெற்றவர்களை நான் கண்டிருக்கிறேன். அத்தட்டில் யாரும் உண்ணாமல் இருந்தது நல்லதாயிற்று.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

"படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று பேராசிரியப் பெருமக்களில் சிலர் கேட்கலாம். மாதத்தில் ஒரு பிற்பகல் போதும் என்பேன். கோடு நேராக வரவேண்டும் என்று மூச்சடக்கி உட்காரும் அரைமணி நேரத்தில் கைப்பேசியை ஒருவரும் எடுப்பதில்லை. எங்கள் தாழ்வாரத்தில் அதைக் கண்ணால் கண்டேன்.

"இது பெண்களின் பொழுதுபோக்கு" என்று நண்பர் சிலர் கூறுகிறார்கள். கோலமிட்டது பெண்கள் என்றால், தேருக்கும் வண்டிக்கும் பலகைக்கும் தீட்டியவர் யார்? மேலும், அம்மா முப்பது ஆண்டு தூக்கிய குடத்தை மகன் தொட்டு அழகு செய்தால் எந்தக் குறையும் வந்துவிடாது.

"கடையில் இதைவிட அழகாக அச்சிட்ட பை மலிவாகக் கிடைக்கிறதே" என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். என் வெண்டைக்காய்ப் பூ அந்த அச்சுக்கு நிகராகாது. ஆனால் நானே செய்ததை நான் எளிதில் எறிவதில்லை. கைப்பிடி அறுந்தால் தைக்கிறேன். துருப்பிடித்தால் தேய்க்கிறேன். பொருள் நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால், அதன்மேல் நமக்கு ஏதோ ஒரு பற்று இருக்க வேண்டும்.

நான்காவது மறுப்பை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். எல்லாரும் தாமே வரைந்துகொண்டால், வரைந்து பிழைப்பவர் என்ன ஆவார்? நீண்ட நாள் எண்ணினேன். எங்கள் வாளி வில்லைகளால் என் தந்தையாருக்குப் பழைய தொழில் திரும்பி வரவில்லை. வரும் என்று பொய்யுரைக்கவும் மாட்டேன். ஆனால் அன்று தாழ்வாரத்தில் உட்கார்ந்த பதினெட்டுப் பேரில் ஒருவன், சென்ற மாதம் தன் அண்ணன் மளிகைக் கடைக்குப் பிளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லி, அப்பாவை அழைத்துப் பலகை எழுதச் செய்தான். கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். ஒருமுறை தானே கோடு இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் கோட்டின் விலை தெரிகிறது.

என் வேண்டுகோள்

முதலாவது: அடுத்த ஆண்டுக் கைவினைக் கண்காட்சிக்கு ஒரு விதி வேண்டும். வைக்கப்படும் பொருள், செய்தவர் வீட்டிலோ விடுதியிலோ குறைந்தது ஒரு மாதம் பயன்பட்டிருக்க வேண்டும். அழுக்கு இருந்தால் இருக்கட்டும். கீறல் விழுந்திருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே தரலாம்.

இரண்டாவது: மாதம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பிலோ நுண்கலை மன்றத்தின் பொறுப்பிலோ ஒரு பயிற்சி நடக்கட்டும். பெரிய செலவில்லை. ஐந்து நிறம், சில தூரிகை, உப்புத்தாள் போதும். வெண்டைக்காய் விடுதிச் சமையலறையில் இருக்கிறது.

மூன்றாவது: பயிற்றுநரைத் தொலைவில் தேட வேண்டாம். நம் ஊரில் பலகை எழுதியவர்களும், பானை வனைபவர்களும், பாய் நெய்பவர்களும் இருக்கிறார்கள். சிறப்புச் சொற்பொழிவுக்கு வருகிற அறிஞருக்குத் தருவதுபோல் அவர்களுக்கும் நாற்காலி தந்து, மதிப்பூதியம் தந்து அழைக்க வேண்டும். இலவசமாக வந்து கற்றுக்கொடுக்கச் சொல்லக் கூடாது. அவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். என் தந்தையார் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் வர முடிந்தது.

அன்பு நண்பர்களே! இவ்வாண்டோடு நான் இக்கல்லூரியை விட்டுச் செல்கிறேன். தகரப் பெட்டி என்னோடு வரும். கீழ்மூலைத் துருவைச் சென்ற வாரம் நானே தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, நீலம் ஒரு பூச்சுக் கொடுத்தேன். அப்பாவின் எழுத்தை நான் தொடவில்லை. குருவிக்கு மட்டும் மங்கியிருந்த கண்ணைப் புதிதாக வைத்தேன். சற்றுப் பெரிதாகிவிட்டது. அப்பா பார்த்தால் குறை சொல்வார், சொல்லட்டும். உங்கள் கட்டிலுக்கடியிலும் ஒரு பெட்டி இருக்கும், குழாயடியில் ஒரு வாளி இருக்கும், வீட்டில் ஒரு பானையும் பையும் இருக்கும். இந்த விடுமுறையில் அவற்றுள் ஒன்றை எடுத்து ஒரு கோடாவது இழுத்துப் பாருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.